மேலேயிருந்து தெரிந்த தோட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டம் கீழே இருந்தது.

மற்ற ஞாயிறுகளில் எதிரே இருக்கும். போனை ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைப்போம். மணலில் உட்கார்ந்து பார்ப்போம். எங்கள் மகள் கௌசல்யா இங்கிலாந்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காட்டுவாள். அவள் கண் மட்டத்துக்கு என்ன தெரிகிறதோ அதுதான் எங்களுக்கும் தெரியும்.

அன்றைக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒட்டக் கத்திரித்த பச்சை வேலிகள் தரையில் வட்டமும் சதுரமுமாகக் கிடந்தன. வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். நடுவில் கல் தூண். தூணின் மேல் கல் கிண்ணம். எல்லாவற்றின் மேலும் உறைபனி. உப்புத் தூவின மாதிரி வெள்ளையாக.

"ஐயோ, கோலம் போட்ட மாதிரி கீதுடி!" என்றாள் என் வீட்டுக்காரி கோவிந்தம்மா. "இத்தினி நாளா ஏன் இந்தப் பக்கத்துலேர்ந்து காட்டல?"

"இப்பத்தான்ம்மா தோணுச்சு" என்றாள் கௌசல்யா.

சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் ஒன்றுபோல் 'ஆ' என்றார்கள். நான் கல் கிண்ணத்தைப் பார்த்தேன். கிண்ணத்துக்குள் தண்ணீர் உறைந்து கிடந்தது. ஒரு இலை அதில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிண்ணத்தின் உள்பக்கத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மணல்மேட்டு ஞாயிறு

கௌசல்யா நர்ஸ் வேலை படித்தவள். பொன்னேரியில் ரயில் ஏறிப் போய்ப் படித்தாள். சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். பிறகு இங்கிலாந்தில் வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் வேலை கிடைத்தது. தனியாகத்தான் போனாள். அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் இருந்தன. அதனால் ஏர்போர்ட் வரைக்கும் நான் போய் விட முடிந்தது.

போகும்போது நான் சொன்னது ஒன்றுதான். "ஏதாவதுன்னா சொல்லு."

"சொல்றேன் நைனா" என்றாள்.

சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் ஒரு தபா ஏரியில் சிப்பி கிழித்து உள்ளங்காலில் வெட்டு. யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூட சாக்ஸைப் போட்டுக்கொண்டு நடந்தாள். சாக்ஸ் நாறின பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் ரத்தம். கடலில் நடந்ததை நானும் வீட்டில் சொல்வதில்லை.

அவ்வளவு தூரத்தில் அவளுக்கு ஏதாவது ஆகி, அவள் சொல்லாமல் இருந்துவிட்டால் எப்படித் தெரியும்? அந்த ஒரு பயம்தான் எனக்கு.

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் வீட்டுக்குள் சிக்னல் வராது. வலை உணத்துகிற மணல்மேட்டுக்குப் போனால் நன்றாக வரும். அதனால் மகளோடு பேசுவது என்பது ஊரோடு பேசுவது. நான் ஒரு ஓரத்தில் வலை பின்னிக்கொண்டு இருப்பேன். கோவிந்தம்மா நடுவில். மற்ற பெண்கள் சுற்றிலும். பொழுது சாயும் நேரம். அங்கே அப்போதுதான் மதியச் சாப்பாடு. வருசத்தில் ரெண்டு தபா அவர்கள் கடிகாரத்தையே மாற்றி வைப்பார்களாம். அந்த வாரங்களில் மட்டும் நாங்கள் போனை வைத்துக்கொண்டு சும்மா காத்திருப்போம், இல்லையென்றால் அவள் காத்திருப்பாள்.

பறிக்காத பூ

முதல் ஞாயிறு அவள் காட்டியது ஒரு பெரிய மரத்தடி. அடியெல்லாம் நீலம்.

"மரத்துக்குள்ள தண்ணி ஏறிகிச்சா?" என்று கேட்டாள் கோவிந்தம்மா.

எனக்கும் தண்ணீர் என்றுதான் பட்டது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் இப்படித்தான் மரங்களுக்கு நடுவே போய் நிற்கும்.

"பூம்மா" என்றாள் கௌசல்யா. போனைக் கிட்டே கொண்டுபோனாள். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன மணி.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று. கல் சுவரில் ஊதாப் பூ திராட்சைக் குலை மாதிரித் தொங்கியது. அது முடிவதற்குள் ரோஜா. வெள்ளை, மஞ்சள், சதை நிறம். வளைத்துக் கட்டின கம்பி மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மறுபடியும் தரையைத் தொட்டது. ரோஜா கொடியாக ஏறும் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

போன வாரம் பார்த்தது இந்த வாரம் இருக்காது. வேறு ஒன்று அந்த இடத்தில் இருக்கும். அதற்காகவே அடுத்த வாரமும் வந்தார்கள்.

பழவேற்காட்டிலிருந்து நண்டு எடுக்க வரும் காதர் பாய் ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"இம்மாம் ரோசாவா? யாருக்கு விக்கிறாங்க?"

"விக்கமாட்டாங்க பாய்" என்றாள் கோவிந்தம்மா.

"சாமிக்கா?"

"இல்ல."

"தலையில வெச்சுக்குவாங்களா?"

"அங்க யாரு வெக்கறாங்க?"

"அப்ப இத்த வெச்சுகினு இன்னாதான் பண்ணுவாங்க?"

"பாப்பாங்க."

"பாத்துட்டு?"

"பாத்துகினே இருப்பாங்க பாய். போவீங்களா!"

பாய் போகவில்லை. வண்டியில் ஐஸ் உருகுவதைக்கூட மறந்து நின்றார். அடுத்த ஞாயிறு நண்டே இல்லை. ஆனாலும் வந்தார்.

கோவிந்தம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. காலையில் பறிக்காத பூ அவளுக்குக் கண்ணில் குத்தும். செடியிலேயே மலர்ந்து செடியிலேயே வாடி இதழ் இதழாகக் கொட்டுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். "ஒரு நூலு இல்லியாடி அந்த ஊர்ல? நாலு முழம் தேறுமே."

"பறிச்சா திட்டுவாங்கம்மா."

"யாரு?"

"தோட்டக்காரரு."

தொப்பிக்காரர்

அவரை ஒரு நாள் காட்டினாள். நெட்டையான வெள்ளைக்காரர். காது மூடுகிற தொப்பி. முட்டியில் மண். போனைப் பார்த்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். எங்கள் ஆட்கள் கடலில் படகுக்குப் படகு அப்படித்தான் தூக்குவார்கள். எனக்குப் பிடித்துப்போனது. கோவிந்தம்மா அவருக்குத் தொப்பிக்காரர் என்று பேர் வைத்தாள்.

அவள் வேலை பார்க்கும் அந்த வீடு ஒரு காலத்தில் யாரோ பெரிய பணக்காரருடையது. இப்போது அதில் முதியவர்கள் இருக்கிறார்கள். நடக்க முடிந்தவர்கள் கீழே. எழுந்திருக்க முடியாதவர்கள் மேல்மாடியில், ஜன்னலோரக் கட்டிலில். அறைக்குள் போனில் படம் காட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால்தான் அவள் எப்போதும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்வாள்.

ஒரு ஞாயிறு கோவிந்தம்மா கேட்கச் சொன்னாள். "இவ்ளோ பாடுபட்டு வளத்துட்டு ஏன் பறிக்கல? கேளு அவர."

அடுத்த வாரம் கௌசல்யா பதில் கொண்டுவந்தாள்.

"மேல் மாடியில கீறவங்களுக்காகவாம்மா. இந்த வீட்ல எந்த மாசத்துலயும் யாராவது ஒருத்தர் போயிடுவாங்க. எந்த மாசம் போனாலும், கடைசியா ஜன்னல் வழியா பாக்கும்போது ஏதாவது ஒண்ணு பூத்திருக்கணும். ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு. அதான் என் வேலைன்றாரு."

 

கோவிந்தம்மா சொன்னாள்: "அப்ப பறிக்கக் கூடாதுதான்."

அதற்குப் பிறகு அவள் நூலைப் பற்றிப் பேசவே இல்லை.

உப்பு

எங்களுக்குக் காலம் என்றால் காற்றுதான். வாடை அடிக்கும். கச்சான் அடிக்கும். மீன் வரும், வராது. மழை பெய்யும். மரங்கள் பாட்டுக்குப் பச்சையாக நிற்கும். சவுக்கு எப்போதும் சவுக்குதான். பனை எப்போதும் பனைதான்.

அதனால் ஐப்பசி வாக்கில் அவள் காட்டியதைப் பார்த்து எல்லோரும் பயந்துபோனோம்.

பெரிய மரம் செக்கச் செவேலென்று நின்றது. பக்கத்து மரம் மஞ்சள். சுவரில் கொடி ரத்த நிறம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காற்று வந்தது. பொலபொலவென்று கொட்டியது.

"எவ்ளோ அழகு பாத்தியாம்மா?" என்றாள் அவள்.

கோவிந்தம்மா எழுந்து நின்றுவிட்டாள். "அடிப்பாவி, உப்பு ஏறிடுச்சுடி!"

கடல் உள்ளே வந்த வருசம் எங்கள் ஊரில் அப்படித்தான் ஆனது. அலை போய்விட்டது. மரங்கள் முதலில் நன்றாகத்தான் நின்றன. பிறகு நுனியிலிருந்து செவந்து, ஒவ்வொன்றாக இலை கொட்டிச் செத்தன. எங்கள் வாசல் முருங்கையும் அதில் போனது. இலை செவந்தால் வேரில் உப்பு. இங்கே சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

"உப்பு இல்லம்மா. குளிர் வருதுன்னா இங்க இலை கொட்டும்."

"எல்லா மரமுமா? ஒரே தபாவிலயா?"

"ஆமாம்மா."

"உன்ன ஏமாத்தறாங்க. நல்ல தண்ணி விட்டு ஊற வெச்சு, வடிய விடச் சொல்லு. திரும்பத் திரும்ப விடணும். அப்பத்தான் வேரு பொழைக்கும். சும்மா நிக்காத, ஓடு, சொல்லு!"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் "ஆமா ஆமா, நல்ல தண்ணி விடு" என்றார்கள். வீட்டில் யாருக்கோ மூச்சு நின்ற மாதிரி ஒரே கூச்சல். கோவிந்தம்மாவின் தம்பி தேசப்பன் என் படகில்தான் வருகிறான். அவன் தன் பங்குக்கு, "கௌசி, மோட்டார் போட்டு அடிக்கச் சொல்லு, கையால ஊத்தினா ஆவாது" என்றான்.

கௌசல்யா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

தொப்பிக்காரர் சிரிக்கவில்லையாம். உன் அம்மா எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாராம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் என்று இவள் சொன்னாளாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் அம்மா பயப்படுவது சரிதான். குளிர்காலத்தில் இங்கே வழியில் பனி உறையும். அது உருக உப்புப் போடுவார்கள். ஆனால் என் மரத்தடிக்குப் பக்கத்தில் ஒரு பிடிகூடப் போட விடமாட்டேன். அவர்களிடம் சொல்" என்றாராம்.

கோவிந்தம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மீன் விற்கிற இடத்தில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கோயிலில், எங்கேயும் அதே பேச்சு. "வெள்ளைக்காரனே ஒத்துகினான், தெரியுமா?"

ரெண்டு குறி

நான் வாராவாரம் எழுதுகிற இந்தப் பக்கத்தில், போன வாரம் வலை கிழிந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், கடலில் வழி தெரிவது எப்படி என்று கேட்டிருக்கிறார். இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் ஜிபிஎஸ் இருக்கிறது. அதன் பேட்டரி செத்தால் கரைதான். கரையில் ரெண்டு பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று கிட்டே, ஒன்று தூரத்தில். லைட்ஹவுஸ் கிட்டே. அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு பனை. ரெண்டும் ஒன்றாக நின்றால் நாம் ஒரு கோட்டில் இருக்கிறோம். பனை இடது பக்கம் விலகினால் படகும் இடது பக்கம் விலகிவிட்டது. அவ்வளவுதான்.

இது பழகிவிட்டால் கண் சும்மா இருக்காது. எங்கே பார்த்தாலும் ரெண்டு குறி தேடும்.

இலை இருந்தவரை அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு குறிதான். கல் கிண்ணம். இலை கொட்டினதும் பெரிய மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கூர்க்கோபுரம் வெளியே வந்தது. சர்ச் கோபுரம். அது தூரக் குறி.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. கோபுரம் சரியாகக் கிண்ணத்தின் மேல் நின்றால் கௌசல்யா பெஞ்சின் நடுவில் இருக்கிறாள். ஒரு வாரம் கோபுரம் கொஞ்சம் இடது பக்கம் இருந்தது. பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு நகர்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தபடியே ஒரு வெள்ளைக்காரக் கிழவி போனுக்குள் தலையை நீட்டி எங்களுக்குக் கை காட்டினாள்.

கௌசல்யாவின் முகத்தை நான் அதிகம் பார்த்தது கிடையாது. பேசினதும் கிடையாது. ஆனால் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஒவ்வொரு வாரமும் எனக்குத் தெரியும். அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு பூவைக் காட்டு

குளிர் முற்றியது. தோட்டத்தில் குச்சிகள்தான். மண் கருப்பு. வேலிகள் மட்டும் பச்சை. பெண்கள் வருவது குறையவில்லை. செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள்.

"இன்னும் உயிரோட கீதா?" என்று வாராவாரம் கேட்பாள் கோவிந்தம்மா.

"கீதும்மா. தூங்குது."

"மரம் தூங்குமாடி? எந்த மாசமும் ஒரு பூ இருக்கும்னு சொன்னாரே அந்த ஆளு. எங்க? ஒரு பூவைக் காட்டு, நம்பறேன்."

"வரும்மா. பனியைத் துளைச்சுகினு ஒரு வெள்ளைப் பூ வருமாம். அந்தப் பெரிய மரத்தடியில. வந்த உடனே மொத வேலையா உனக்குத்தான் காட்டுவேன்."

அதற்கு அடுத்த ஞாயிறுதான் தோட்டம் கீழே போனது.

வகிடு

"பூ வந்துச்சாடி?" என்று அன்றைக்கும் கேட்டாள் கோவிந்தம்மா.

"இன்னும் இல்லம்மா" என்றாள் கௌசல்யா. ஒரு நிமிசம் முகத்தைக் காட்டினாள். சிரித்தாள். வைத்துவிட்டாள்.

அறைக்குள் போனில் காட்டக் கூடாது என்றவள் மேல்மாடி ஜன்னலிலிருந்து காட்டுகிறாள். மேல்மாடி யாருக்கு என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

நான் வீட்டில் வாய் திறக்கவில்லை. மறுநாள் கடலில் தேசப்பனிடம் சொன்னேன். அவன் வலையை இழுத்துக்கொண்டே சிரித்தான்.

"மாமா, லண்டன் தோட்டத்துல கூட குறி பாக்குறியா நீ? அங்க இன்னா மாட்டும், வஞ்சிரமா?"

"சிரிக்காதே."

"குளிருதுன்னு உள்ள போயிருப்பா. இதுக்கு ஒரு மூஞ்சி."

"கோபுரம் ரொம்ப வலது பக்கம் நிக்குது. கிண்ணத்தோட உள்பக்கம் தெரியுது. அது மேல்மாடி."

"நிக்கட்டுமே."

"அங்க நடக்க முடியாதவங்க இருப்பாங்க."

தேசப்பன் வலையை விட்டான். "கேட்டுடு மாமா" என்றான். அப்புறம் கரைக்கு வரும்வரை அவன் ஒரு கிண்டலும் பண்ணவில்லை.

நான் கேட்கவில்லை. மணல்மேட்டில் அத்தனை பேருக்கு நடுவில் எப்படிக் கேட்பது? அடுத்த ஞாயிறு வரை பார்ப்போம் என்று இருந்தேன்.

அடுத்த ஞாயிறும் அதே ஜன்னல். அதே கிண்ணத்தின் உள்பக்கம். பெண்கள் மறுபடியும் கோலத்தைப் புகழ்ந்தார்கள். கோவிந்தம்மாவும் புகழ்ந்தாள். போன் முடிந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள்.

நான் வலையைச் சுருட்டினேன். கோவிந்தம்மா எழுந்திருக்கவில்லை.

"அவ தலைய அவ வாரல" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"போன வாரமும் அப்படித்தான். இந்த வாரமும் அப்படித்தான். வகிடு கோணலா கீது. பின்னலு தொளதொளன்னு தொங்குது. யாரோ வாரி வுட்டிருக்காங்க. நம்ம ஜனம் இல்ல, பின்னத் தெரியாத கையி."

"ஏன் சொல்லல?"

"நீ கடலுக்குப் போற ஆளு. மனசுல ஒண்ண வெச்சுகினு எதுக்குப் போவணும்னு இருந்தேன். நீ இன்னா பாத்த?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது, நானும் ஏதோ பார்த்தேன் என்று? கேட்கவில்லை. கோபுரத்தைச் சொன்னேன். கிண்ணத்தைச் சொன்னேன். மேல்மாடியைச் சொன்னேன். என் ஆயுசில் அவளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

கேட்டுவிட்டு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு நாம ரெண்டு பேரும் மட்டும் போடலாம்" என்றாள்.

படகு நிழலில்

மறுநாள் நான் கடலுக்குப் போகவில்லை. மதியம் கரையோரம் போனோம். ஏற்றி வைத்த ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்தோம். சிக்னல் சுமார்தான். ஆனால் ஆள் கிடையாது. அங்கே காலை.

நாங்கள் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். அதனால் எடுத்ததும் பதறினாள்.

"இன்னாம்மா? நைனாவுக்கு ஏதாவதா?"

"நைனா குத்துக்கல்லு மாதிரி பக்கத்துல கீறாரு. உனக்கு இன்னாடி?"

"எனக்கு ஒண்ணுமில்லியே. இரு, தோட்டத்தக் காட்டறேன். இன்னைக்கு நல்ல வெயிலு..."

"தோட்டம் கெடக்கட்டும். உன்னக் காட்டு."

போன் அசையவில்லை. ஜன்னல்தான் தெரிந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்த கோடுகள். வெளியே பனி. கோவிந்தம்மா வற்புறுத்தவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

நான் சொன்னேன்: "நீ மேல்மாடியில இருக்க. ரெண்டு வாரமா."

"உனக்கு எப்படித் தெரியும் நைனா?"

"தெரியும்."

போன் மெதுவாகத் திரும்பியது. முதலில் கட்டில். வெள்ளைப் போர்வை. அப்புறம் தலையணைமேல் தூக்கி வைத்த வலது கால். முட்டிக்குக் கீழே கட்டு. வலது மணிக்கட்டிலும் ஒரு பட்டை. கடைசியாக முகம்.

கோவிந்தம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கத்தவில்லை.

"எப்படி?"

"வழுக்கிடுச்சும்மா. கணுக்கால் ஒடிஞ்சுடுச்சு. கை சுளுக்குதான். நான் தங்கியிருந்த எடத்துல மாடிப்படி ஜாஸ்தி. அதான் சரியாவற வரைக்கும் இங்கயே ஒரு ரூம் குடுத்திருக்காங்க. காலி ரூம், அதனால போனு பேசலாம்னுட்டாங்க. வேலையும் போவாது. நல்லாப் பாத்துக்கறாங்க. கூட வேலை செய்யற பொண்ணுதான் தலை வாரி வுடுது."

"எங்க வழுக்குச்சு?"

அவள் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"எங்கடி?"

"அந்தப் பெரிய மரத்தடியில" என்றாள். "அந்தப் பக்கம் உப்புப் போடமாட்டாங்க இல்ல... காலையில டூட்டிக்கு முன்னாடி, அந்த வெள்ளைப் பூ வந்துச்சான்னு பாக்கப் போனேன். உனக்குக் காட்டறதுக்கு." குரல் இறங்கியது. "சொன்னா, என்னாலதான்னு நெனச்சு நீ சோறு துன்னமாட்ட. அதான் சொல்லல."

நான் கோவிந்தம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. கடலைப் பார்த்தேன். அலை சின்னதாக இருந்தது.

கோவிந்தம்மா கேட்டாள்: "பூ வந்துச்சா?"

"இன்னாம்மா?"

"போனியே. அந்தப் பூ. வந்துச்சா?"

கௌசல்யா எங்களையே பார்த்தாள். அப்புறம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"வந்துச்சும்மா. விழுந்தப்புறம்தான் பாத்தேன். எழுந்திருக்க முடியல. அப்படியே கெடந்தேன். திரும்பினா மூக்குக்குப் பக்கத்துல கீது. நாலஞ்சு. தொப்பிக்காரர் வந்து தூக்கற வரைக்கும் அதையேதான் பாத்துகினு இருந்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"சின்னதாம்மா. விரல் உசரம். வெள்ளையா. தலையத் தொங்கப் போட்டுகினு. கிட்டப் பாத்தா உள்ள ஒரு பச்சைப் புள்ளி."

"அப்ப செத்துப்போகல தோட்டம்."

"இல்லம்மா."

"சரி" என்றாள் கோவிந்தம்மா. புடவைத் தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்தாள். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. "வலிக்குதா?"

"இல்லம்மா, இப்ப பரவாயில்ல. மாத்திரை..."

"வலிக்குதா கௌசி?"

எங்கள் தலைக்கு மேல் ஒரு காக்கை படகு விளிம்பில் வந்து உட்கார்ந்தது. நான் அதை விரட்டவில்லை. சத்தம் போடக் கூடாது என்று இருந்தது.

"வலிக்குதும்மா" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தபா. சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். காலில் வலி என்றாள். அசைந்து படுக்க முடியவில்லை என்றாள். அங்கே சாப்பாட்டில் உப்பும் இல்லை, காரமும் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை மணல்மேட்டில் எல்லோரும் சிரிக்கும்போது நாமும் அங்கே இருக்கக் கூடாதா என்று தோன்றும் என்றாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்குக் கை காட்டின கிழவி குளிர் ஆரம்பத்தில் போய்விட்டாள் என்றாள். அதையும் எங்களிடம் சொல்லாமலே வைத்திருந்தாள்.

கோவிந்தம்மா ஒவ்வொன்றுக்கும் "உம்" என்றாள். நடுவில் ஒரு இடத்தில் நானும் "உம்" என்றேன்.

சார்ஜ் தீரும்வரை சொன்னாள். நாங்கள் எழுந்து வீட்டுக்கு நடந்தோம். கோவிந்தம்மா அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். எனக்கும் பசித்தது.

இப்போது கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு பெஞ்சு வரைக்கும் நடக்கிறாள். மஞ்சள் பூ வந்து முடிந்து, மறுபடியும் மரத்தடியில் நீலம் ஏறியிருக்கிறது. மணல்மேட்டில் கூட்டமும் ஏறியிருக்கிறது.

ஆனால் எடுத்ததும் தோட்டம் கிடையாது.

"இன்னைக்கு கணுக்கால் குத்துதும்மா" என்கிறாள்.

"எங்க, காட்டு" என்கிறாள் இவள்.

காட்டுகிறாள். எல்லோரும் பார்க்கிறோம். அப்புறம்தான் பூ.